நடை வேகத்தில் வெந்த இன்ஜின்

எங்கள் அண்ணன் ஜெரால்டின் கார் மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகக்கூடியது. ஆட்கள் நடந்து போகிற வேகத்தில் போனபோதுதான் அதன் இன்ஜின் வெந்து போனது.

அண்ணன் இப்போது இல்லை. ஆரம்பாக்கத்தில் அவரைப் பற்றி விசாரிக்கிறவர்கள், ஆளை விட்டுவிட்டு வண்டியைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். துக்கம் கேட்க வந்த ஒருவர் கிரேஸ் அண்ணியின் முன்னால் கைகட்டி நின்று, கண் கலங்கி, "வண்டி ஸ்டார்ட் ஆவுதாம்மா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வண்டியை என்ன செய்வது என்று ஊரே கூடி உழைத்திருக்கிறது. உழைத்தவர்களுக்கு அக்கறை இருக்கத்தானே செய்யும்.

அண்ணன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்புக் குழாய் கம்பெனியில் கிரேன் ஆபரேட்டராக இருந்தார். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் நகர்கிற கிரேன். அதன் ஓரத்தில் தொங்கும் கூண்டில் உட்கார்ந்திருப்பார். கீழே நிற்கிறவர் விரலை மேல்நோக்கிச் சுழற்றினால் தூக்க வேண்டும், கீழ்நோக்கிச் சுழற்றினால் இறக்க வேண்டும். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மெதுவாக, இன்னும் மெதுவாக என்று எல்லாவற்றுக்கும் ஒரு கை உண்டு. கையைப் பக்கவாட்டில் நீட்டி உள்ளங்கையைத் தரைப்பக்கம் திருப்பினால் நிறுத்த வேண்டும். இதில் ஒரு சட்டம் இருக்கிறது. தூக்கு, இறக்கு என்று சொல்ல ஒரே ஓர் ஆளுக்குத்தான் உரிமை. ஆனால் 'நிறுத்து' என்று யார் வேண்டுமானாலும் காட்டலாம். பெருக்குகிற அம்மா காட்டினாலும் கிரேன் நின்றாக வேண்டும். ஏன் என்று அப்புறம்தான் கேட்க வேண்டும்.

இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே வேலை பார்த்ததில், கூண்டை விட்டு இறங்கிய பிறகும் அண்ணனுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. யார் கை காட்டினாலும் அந்தப் பக்கம் நகர்வார். கோயில் கொடைக்குப் பந்தல் கம்பு பிடிப்பார், சர்ச் திருவிழாவுக்கு சீரியல் லைட் கட்டுவார், தெரியாத வீட்டு கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைப்பார். அவர் கை காட்டி யாரும் எதையும் நிறுத்தியதாக நான் பார்த்ததில்லை.

கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு முறை, வேண்டாத பொருட்களைக் கழிக்கிற வாரம் வரும். ஜப்பான்காரர்களிடம் கற்றுக்கொண்ட பழக்கம். ஒரு குழு கிளம்பிப் போய், நெடுநாளாக யாரும் தொடாத பொருள் எதுவானாலும் அதில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிடும். உடைந்த நாற்காலி, துருப்பிடித்த வால்வு, ஓடாத மின்விசிறி எல்லாவற்றிலும் அட்டை தொங்கும். கிரேனுக்குக் கீழே சங்கிலி மாட்டுகிற கோபால் ஸ்டோர் ரூமில் தூங்கிக்கொண்டிருந்தபோது அவர் கால் கட்டைவிரலிலும் ஒரு தடவை கட்டியிருக்கிறார்கள்.

ஸ்டோருக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் கிடந்த கார், டைரக்டரின் மகனுடையது. வெளிநாட்டு வண்டி, இரண்டே கதவு, டர்போ இன்ஜின். பையன் கனடாவுக்குப் போனவன் திரும்பவில்லை. சிவப்பு அட்டையில் எழுதினார்கள்: 'பொருள்: கார். காரணம்: ஓட்ட ஆள் இல்லை. முடிவு: அகற்று.' கிரேன் கூண்டிலிருந்து பார்த்தால் தார்ப்பாயின் கிழிசல் வழியாக ஒரு மஞ்சள் மூலை தெரியும். அண்ணன் அந்த மஞ்சள் மூலையைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பி.எஃப். லோன் போட்டு அதை வாங்கி, அட்டையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அட்டை கடைசி வரை கண்ணாடியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

கும்மிடிப்பூண்டியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிற கிரேஸ் அண்ணி அன்று சாயங்காலம் ரயிலிலிருந்து இறங்கி வந்து, வாசலில் நின்றதைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாயா இது?"

"காரு."

"அது தெரியுது. ஏன் படுத்துக்கினு கீது?"

அது படுத்த மாதிரிதான் இருக்கும். தரைக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு கை நுழையாது. எங்கள் தெருவிலிருந்து நெடுஞ்சாலைக்குப் போவதற்குள் வரிசையாக வேகத்தடைகள், ஒவ்வொன்றும் சின்னக் கல்லறை உயரத்துக்கு. அண்ணன் டிக்கியில் இரண்டு மரப்பலகை வைத்திருப்பார். வேகத்தடை வந்தால் இறங்கி, பலகையைச் சாய்த்து வைத்து, ஏறி, வண்டியை ஏற்றி இறக்கி, மறுபடி இறங்கி, பலகையை எடுத்து டிக்கியில் வைத்து, அடுத்த வேகத்தடைக்குப் போவார். அந்தக் காரைச் சைக்கிளில் வந்தவர்கள் முந்தினார்கள். மாடுகள் முந்தின. ஒரு தடவை அறுவடை மெஷின் பின்னாலிருந்து ஹாரன் அடித்தது.

அண்ணனுக்கு ஒரே ஓர் ஆசைதான். வேகம் காட்டும் முள் அந்த வட்டத்தில் பாதியைத் தாண்டுவதை ஒரு தடவை பார்க்க வேண்டும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. "ஒரே தபாடா. அப்புறம் வித்துட்டாக்கூட சரி" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். வாழ்க்கையில் அவர் ஏறிய எதுவும் வேகமாகப் போனதில்லை. கிரேன் ஊர்கிற வேகத்தில்தான் போகும். கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நலம் விசாரித்துவிட்டுப் போகும். நெடுஞ்சாலைக்குப் போனால் கன்டெய்னர் லாரி, எதிர்ப்பக்கம் வரும் ஷேர் ஆட்டோ, தடாவுக்குப் போகும் கம்பெனி பஸ். சாலை காலியாகட்டும் என்று அவர் காத்திருந்தார். சாலை காலியாகவில்லை. கல்யாணங்கள் வந்தன.

மஞ்சள் கார் ஒன்று ஊரில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு மாப்பிள்ளைகள் யாரும் வேறு வண்டியில் ஏறச் சம்மதிக்கவில்லை. சர்ச் கல்யாணம், மண்டபக் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் அண்ணன்தான் டிரைவர். ஒருவர் கை காட்டுவார், அண்ணன் நகர்வார். சாப்பாடு உண்டு. பெட்ரோல் சில பேருக்கு நினைவு வரும்.

ஆவணியில் அருணகிரியின் மகன் அன்புவுக்குக் கல்யாணம். அருணகிரி கம்பெனிகளுக்குக் கான்ட்ராக்ட் ஆட்கள் அனுப்புகிறவர். அவரிடம் முடியாது என்று சொன்னவர்கள் சிப்காட்டில் குறைவு, நைனா என்று கூப்பிடாதவர்கள் அதிலும் குறைவு. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் காரைப் பூவால் ஜோடிக்க சரவணன் வந்தார். பூ வேலையில் பெரிய கை. முன்பக்கம் முழுக்க, காற்று நுழைகிற சல்லடை தெரியாமல், சாமந்தியும் ரோஜாவும் அடர்த்தியாகக் கோத்து ஓர் இதயம் செய்து கட்டினார். அதன் மேல் மணமக்கள் பெயர் எழுதிய தெர்மாகோல். அதன் மேல் ஜிகினா.

"சரவணா, காத்து போவணும்டா" என்றார் அண்ணன்.

"அண்ணே, இதயத்துல ஓட்ட போட்டா நல்லாவா இருக்கும்?"

பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் கூப்பிடு தூரம்தான். முன்னால் பேண்டு செட், அதற்கு முன்னால் ஆடுகிறவர்கள். உள்ளே அன்பு கோட்டு சூட்டில் வியர்த்துக்கொண்டு, "அண்ணா, ஏசிய இன்னும் கொஞ்சம்" என்றான். நான் பின்சீட்டில் தாம்பூலத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஆடுகிறவர்கள் நாலடி போனால் வண்டி நாலடி போகும். அவர்கள் ஒரே இடத்தில் நின்று ஒரு பாட்டு முழுக்க ஆடினால் வண்டியும் நிற்கும், இன்ஜின் ஓடிக்கொண்டே. சூடு காட்டும் முள் மேலே ஏறியது. இந்த முள் பாதியைத் தாண்டியதை அண்ணன் பார்த்தார். அவர் ஆசைப்பட்டது வேறு முள்.

கண்ணாடியை இறக்கி, "கொஞ்சம் ஆஃப் பண்ணிக்கிறேன், சூடாவுது" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா கோவிந்தம்மா பதறிப் போய் ஓடி வந்தார். "அய்யய்யோ, மாப்ள உக்காந்த வண்டி நடு ரோட்ல அணையக் கூடாது ஜெரால்டு! அபசகுனம்! அந்தப் பொண்ணு வூட்டுக்காரங்க வேற பாத்துக்கினு கீறாங்க."

அண்ணன் பெண் வீட்டுக்காரர்களையும் பேண்டு செட்டையும் பார்த்தார். சாவியின் மேல் இருந்த கையை எடுத்துவிட்டார். ஆடுகிறவர்கள், "அண்ணே, ஒரே ஒரு பாட்டுண்ணே" என்று கும்பிட்டார்கள். அது நீளமான பாட்டு.

பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியபோது, புகை மெஷின் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கூட்டம் விசில் அடித்தது. அப்புறம்தான் வாசனை வந்தது, வெந்த சாமந்தியின் வாசனை. ஓடி வந்த சமையல் கான்ட்ராக்டர் நல்ல மனசுக்காரர். கூல்டிரிங்க்ஸ் பாட்டில் மிதந்துகொண்டிருந்த டிரம்மிலிருந்து ஐஸ் தண்ணீரை ஒரு குடம் அள்ளி, பானெட்டைத் திறந்து, கொதிக்கிற இன்ஜின் மேல் அப்படியே ஊற்றினார். 'டங்' என்று ஒரு சத்தம். பேண்டு செட்டில் தாளம் தப்பாத ஆள் ஒருவர்தான் அன்று இருந்தார், அவரும் அந்தச் சத்தத்துக்கு நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்திருக்க, காரைத் தள்ளிக்கொண்டே மண்டபத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். கடைசி வரை அவன் நடந்து போகவில்லை. அபசகுனம் தவிர்க்கப்பட்டது.

கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரத்தில் சாலமோன் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார். போர்டில் 'கார் கிளினிக்' என்று இருக்கும். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கும். இன்ஜின் சத்தம் கேட்க அப்படி ஒரு கருவி நிஜமாகவே உண்டு. ஆனால் சாலமோன் டீ குடிக்கப் போகும்போதும் அதைக் கழற்ற மாட்டார். இன்ஜினைப் பிரித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"ஹெட்டுல கிராக் வுட்ருக்கு. கேஸ்கெட் கருகிடுச்சு. மூணாவது பிஸ்டன் போயிடுச்சு. நாலாவது யோசிச்சிக்கினு கீது."

"பொழைக்குமா?" என்றார் அண்ணன்.

"ரெண்டு வழி கீது. ஒண்ணு, இத்தையே பிரிச்சு, ஹெட்டு வெளிநாட்லேர்ந்து வரவழைச்சு, போரிங் போட்டு, புதுசா கட்டணும். மாசக்கணக்குல ஆவும். கட்டி முடிச்சா பழைய வேகம் வரும். இன்னொண்ணு, இன்ஜினையே மாத்திடறது. இதே கம்பெனிக்காரன் டாக்ஸிக்குன்னு வுட்ட வண்டியோட சாதா இன்ஜின் இதுல உக்காரும். அது கெடைக்கும். போட்டா பத்து நாள்ல ஓடும். ஆனா டாக்ஸி மாதிரிதான் ஓடும். சொந்தக்காரங்க பேசி முடிவு பண்ணிக்கினு வாங்க."

சொந்தக்காரர்கள் என்று அவர் சொன்னது அண்ணனையும் என்னையும்தான். ஊர் அதைத் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒர்க் ஷாப்பில் பார்வையாளர் நேரம் தொடங்கியது. பிளாஸ்டிக் நாற்காலிகள் வாடகைக்கு வந்தன. இன்ஜினை மேஜையில் விரித்து வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எட்டிப் பார்த்து, உச்சுக் கொட்டி, "நல்லாத்தான ஓடிக்கினு இருந்துச்சு, போன வாரம் கூட பாத்தேனே" என்றார்கள். ஒருவர் ஆப்பிள் வாங்கி வந்தார். ஜெபக்குழுவின் சாராள் அக்கா ஜெபித்த எண்ணெயைச் சின்னக் குப்பியில் கொண்டுவந்து, ஒரு சொட்டு மட்டும் விடட்டுமா என்று கேட்டார்.

சாலமோன் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இன்னா கிரேடுக்கா இது?"

"ஆலிவ்."

"இதுக்கு ஃபைவ் டபிள்யூ ஃபார்ட்டிதான் கா போடணும். ஜெபம் மட்டும் பண்ணிட்டுப் போ."

கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கும் மதிவாணன் தன் ஆட்களோடு வந்தார். கம்பெனியில் எது பழுதானாலும் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டு மூல காரணத்தைக் கண்டுபிடிப்பது முறை. அன்புவின் கல்யாண ஃபிளெக்ஸைத் திருப்பிப் போட்டுச் சுவரில் கட்டி, மார்க்கரைத் திறந்தார்.

"இன்ஜின் ஏன் போச்சு?"

"சூடாயிடுச்சு" என்றார் கோபால்.

"ஏன் சூடாச்சு?"

"காத்து வரல."

"ஏன் வரல?"

"பூ மறச்சிடுச்சு."

"ஏன் பூ?"

"கல்யாணம் சார்."

"ஏன் கல்யாணம்?"

கோபால் தலையைச் சொறிந்தார். "அந்தப் பொண்ணு வேப்பம்பட்டு சார். நம்ம அன்பு செவ்வாப்பேட்டைல ரூம் போட்டு வேலைக்குப் போய்க்கினு இருந்தான். ரெண்டு பேரும் ஒரே ட்ரெய்ன்ல ஏறுவாங்க."

மதிவாணன் பெரிய எழுத்தில் எழுதினார்: 'மூல காரணம்: ஒரே ரயில்.' எழுதிவிட்டு, பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார். அவருக்கே திருப்தி இல்லை. ரயில்வேயிடம் நடவடிக்கை கேட்க முடியாது. கம்பெனியில் இப்படி முட்டிக்கொள்ளும்போது எழுதுவதற்கென்று ஒரு வாக்கியம் உண்டு. அதையே எழுதினார்: 'ஆபரேட்டர் கவனக்குறைவு. மறுபயிற்சி அளிக்கப்பட்டது.' எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் பழக்கதோஷத்தில் எழுந்து போய் ஃபிளெக்ஸின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.

முடிவு விஷயத்தில் ஊருக்கு இரண்டு கருத்து இல்லை. இன்ஜினை மாற்றிவிட வேண்டும். கல்யாணத்துக்கு வண்டியின் முகம்தான் வேண்டும், இன்ஜின் யாருக்குத் தெரியப் போகிறது? அருணகிரிக்கு அவசரமும் இருந்தது. தையில் அவர் மகள் துர்காதேவிக்குக் கல்யாணம். ஃபிளெக்ஸுக்கு டிசைன் முடிந்துவிட்டது. அதில் பெண்ணும் மாப்பிள்ளையும் மஞ்சள் காரில் சாய்ந்து நிற்கிறார்கள். "நம்ம ஊட்டு கல்யாணத்துல ஆச்சு, செலவு என்னுது. டாக்ஸி இன்ஜின் நானே எடுத்தாந்து போட்டுடறேன்" என்றார். தாராளமான மனுஷர். எதைப் போட வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை.

அண்ணன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது ஊருக்குச் சரி என்று கேட்டது. வீட்டில் காலை நாஷ்டாவின்போது இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"இன்னா, ஊர் பூரா கேட்டுட்டியா?"

"கேட்டேன்."

"சாலமோனு, மதிவாணன், அந்த நைனா, ஐஸ் தண்ணி ஊத்துனவன், எல்லாரையும்?"

"ம்."

"உனக்கு இன்னா வேணும்னு எவன்கிட்ட கேக்கப் போற? சொல்லு, நான் வேணா போற வழில கேட்டுட்டுப் போறேன்."

அண்ணி டிபன் பாக்ஸைப் பையில் திணித்தார். "எனக்கு அந்த வண்டியே புடிக்காது, தெரியும்ல? ஏறுனா எழுந்திரிக்க ரெண்டு ஆளு வேணும். ஆனா வாங்கின அன்னிக்கு நைட்டு அந்த முள்ளைப் பத்தி பேசினியே, கல்யாணம் ஆகி இத்தினி வருசத்துல நீ அவ்ளோ பேசி நான் கேட்டதில்ல. டாக்ஸி இன்ஜின் போட்டா அந்த முள்ளு பாதி வருமா?"

"வராது."

"அப்ப வாயத் தொற." செருப்பை மாட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடினார்.

அன்றைக்கே அருணகிரி ஒரு குட்டியானை வேனில் டாக்ஸி இன்ஜினைக் கொண்டுவந்து சாலமோன் வாசலில் நிறுத்தினார். பூசை போட்டு, எலுமிச்சம்பழம் கட்டி, மாலை சூட்டிக் கொண்டுவந்திருந்தார். இந்த ஊரில் பூவைப் பற்றி யாரும் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். ஷிப்டு முடிந்த கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். கோபால், சங்கிலியை இழுத்து எடை தூக்குகிற செயின் பிளாக்கை மாட்டி இன்ஜினில் கொக்கியைப் போட்டார். அண்ணன் ஓரமாக நின்றிருந்தார்.

"ம், தூக்கு" என்று அருணகிரி விரலைச் சுழற்றினார். கோபால் சங்கிலியை இழுத்தார். இன்ஜின் மெதுவாக எழுந்து, மாலையோடு ஆடியது.

அண்ணன் கையைப் பக்கவாட்டில் நீட்டினார். உள்ளங்கை தரையைப் பார்த்தது.

கோபாலின் கைகள் சங்கிலியிலேயே உறைந்தன. மதிவாணன் ஒரு காலைத் தூக்கியவர் அப்படியே நின்றார். டீ கொண்டுவந்தவர் நின்றார். ஏன் என்று அப்புறம்தான் கேட்க வேண்டும். சிப்காட்டில் வேலை பார்க்கிற எவரும் அந்தக் கையை மீற மாட்டார்கள், யோசிக்கவே மாட்டார்கள். மாலை மட்டும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

அருணகிரிக்குத்தான் புரியவில்லை. "இன்னா ஜெரால்டு, கை சுளுக்கிக்கிச்சா?"

"இது வேணாம் நைனா. பழசையே கட்டிக்கலாம்."

"தைக்குள்ள வராதுப்பா!"

"வராது."

"எங்க பொண்ணு ஊர்வலம்?"

"வேற வண்டி பாருங்க நைனா."

அந்த வாக்கியத்தை அண்ணன் அதற்கு முன் எப்போதாவது யாரிடமாவது சொல்லியிருப்பாரா என்று நான் யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. மதிவாணன் காலைக் கீழே வைத்து, "காரணம் இன்னானு சொல்லு ஜெரால்டு, எழுதணும்ல" என்றார்.

"அந்த முள்ளு பாதிக்கு மேல போயி நான் பாத்ததில்ல."

"அதுக்கா?"

"அதுக்குத்தான்."

இதை ஐந்து முறை 'ஏன்' கேட்க யாருக்கும் தோன்றவில்லை. டாக்ஸி இன்ஜின் மாலையோடு திரும்பிப் போனது. கொஞ்ச நாள் ஊர் அண்ணனிடம் பேசவில்லை. துர்காதேவியின் கல்யாணத்துக்கு வெள்ளைக் குதிரை வண்டி வந்தது. குதிரை நடுவில் நின்றது, மாப்பிள்ளை வீட்டார் பார்க்கும்படியாகச் சாணியும் போட்டது. அதற்கும் சிலர் அண்ணனையே காரணம் சொன்னார்கள்.

மாசியில் வண்டி வந்தது. சாலமோன் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "ஆபரேஷன் சக்ஸஸ். ஆனா பத்தியம் கீது. பிரிச்சுக் கட்டின இன்ஜினு, உள்ள எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பழகணும். மொதல் ரெண்டாயிரம் கிலோமீட்டரு மிதமாத்தான் ஓட்டணும். அழுத்தினே, அப்புறம் என்கிட்ட வராத."

அண்ணன் சிரித்துவிட்டார். அவர் சத்தமாகச் சிரிப்பது அபூர்வம். இத்தனை பாடுபட்டு வேகத்தைத் திரும்ப வாங்கினால், மெதுவாகப் போ என்கிறார்கள்.

செய்தி அருணகிரிக்கு எட்ட வெகுநேரம் ஆகவில்லை. "மெதுவாத்தான போவணும்? ஊர்வலத்துக்கு அதுதானப்பா தோது!" என்று சிரித்துக்கொண்டே வந்தார். அண்ணன் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தவர், எழுந்திருக்காமலே கையை நீட்டினார். இப்போது அருணகிரிக்கும் அந்தச் சைகை தெரிந்திருந்தது. டீ குடித்துவிட்டுப் போனார்.

ஞாயிறுதோறும் பூசை முடிந்து அண்ணனும் அண்ணியும் கிளம்புவார்கள். பலகை போட்டு, பலகை எடுத்து, நெடுஞ்சாலை ஏறி, கும்மிடிப்பூண்டி வரை இரண்டு தடவை போய் இடது ஓரத்திலேயே திரும்பி வருவார்கள். மெதுவாகத்தானே போக வேண்டும் என்று அண்ணன் அண்ணிக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு கற்றார்.

"ஒரு தபா வேளாங்கண்ணி போய் வந்தா உன் கணக்கு முடிஞ்சிடும்ல?" என்று கேட்டார் ஒரு நாள்.

"அது வரைக்கும் எத்தினி ஸ்பீடு பிரேக்கர் கீது தெரியுமா? பலகை தேஞ்சிடும்."

உண்மை அதுவல்ல என்று நினைக்கிறேன். அவருக்கு அவசரம் போய்விட்டிருந்தது. முன்பெல்லாம் யாரோ ஒருவருடைய ஊர்வலத்தில் மெதுவாகப் போனார். இது அவருடையது. வாரா வாரம் வந்து, இன்னும் எவ்வளவு மிச்சம் என்று சந்தோஷமாகச் சொல்வார்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. எல்லாருக்கும் வருவதுதான் என்று இருந்தோம். அவர் மாத்திரை போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போனார். கூண்டிலிருந்து இறங்கும்போது கோபால் தோளில் சாய்ந்தார். திருவள்ளூரில் சேர்த்தோம். ரத்தத்தில் அணுக்கள் குறைகின்றன என்றார்கள், ஏறுகின்றன என்றார்கள், மறுபடி குறைகின்றன என்றார்கள். இதைப் பற்றி என்னால் இவ்வளவுதான் எழுத முடியும்.

அடக்கத்துக்கு ஊர் முழுக்க வந்தது. சவ வண்டிக்குப் பின்னால் மஞ்சள் கார் வர வேண்டும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. சாலமோன்தான் ஓட்டினார். நடை வேகம். ஆட்கள் மாலையோடு வந்து காரின் மேலும் போடத் தொடங்கினார்கள். அப்போது மதிவாணன் ஓடிப்போய் காரின் முன்னால் நின்றுகொண்டார்.

"முன்னாடி போடாத! காத்து போற எடம்! மேல போடு, மேல!"

சரவணனும் வந்து சேர்ந்துகொண்டு, வந்த மாலைகளையெல்லாம் வாங்கிக் கூரையில் வைத்தார். கோவிந்தம்மா அழுதுகொண்டே சாலமோனிடம், "சூடாச்சுன்னா ஆஃப் பண்ணிக்கப்பா, ஒண்ணும் ஆவாது" என்றார். கல்லறை வரைக்கும் அந்தச் சல்லடையில் ஓர் இதழ் கூடப் படவில்லை. மறுபயிற்சி ஊருக்குத்தான் அளிக்கப்பட்டிருந்தது.

கார்த்திகையில் அருணகிரி வந்தார். அண்ணியின் எதிரே உட்கார்ந்து, நல்ல விதமாகவே பேசினார். வண்டியைத் தானே எடுத்துக்கொள்வதாகவும், ஊர்க் கல்யாணங்களுக்கு ஓட விடுவதாகவும், ஜெரால்டு பேரைக் கண்ணாடியில் எழுதுவதாகவும் சொன்னார். "பின்னால செலவு வைக்காத மாதிரி அந்த டாக்ஸி இன்ஜினையே..." என்று தொடங்கினார். அண்ணி காபி டம்ளரை வைத்துவிட்டுக் கையைப் பக்கவாட்டில் நீட்டினார்.

"தூக்குறதுக்குத்தான் நைனா ஒரு ஆளு சொல்லணும். நிறுத்துறதுக்கு யாரு வேணா சொல்லலாமாம்" என்றார்.

கிறிஸ்துமஸ் அன்று காலை, பூசை முடிந்து வந்ததும் அண்ணி என்னைக் கூப்பிட்டார். சாலமோன் சொன்ன இரண்டாயிரத்தில் மிச்சமிருந்தது நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். நான் பலகை போட்டேன், பலகை எடுத்தேன். கம்பெனிகளுக்கு விடுமுறை, பஸ்கள் இல்லை. அண்ணி இடது ஓரத்திலேயே சூலூர்ப்பேட்டை தாண்டிப் போய், திரும்பி, மறுபடி போய்த் திரும்பினார். ஒரு தடவை மட்டும், "உங்க அண்ணன் இருந்தா இந்நேரம் மூணு பேருக்கு லிப்ட் குடுத்திருப்பாரு" என்றார். மீட்டரில் பூஜ்ஜியங்கள் வந்தபோது எங்களுக்கு முன்னால் சாலை கண்ணுக்கு எட்டிய வரைக்கும் காலியாக இருந்தது. அண்ணன் காத்திருந்த சாலை.

"முள்ளை நீ பாரு. நான் ரோட்டைப் பாக்கறேன்" என்றார் அண்ணி.

அழுத்தினார். முதுகு சீட்டில் ஒட்டியது. கண்ணாடியில் தொங்கிய சிவப்பு அட்டை என் பக்கம் சாய்ந்து நின்றது. இன்ஜின் ஒரு பெரிய மூச்சு எடுத்ததைப் போலச் சத்தமிட்டது. முள் ஏறியது. பாதிக்கு வந்தது. தாண்டியது.

"தாண்டிடுச்சா?"

"தாண்டிடுச்சு அண்ணி."

காலை எடுத்துவிட்டார். முள் இறங்கியது. இடது ஓரத்துக்கு வந்து, கொஞ்ச தூரம் பழைய வேகத்திலேயே போனோம். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி. அந்தப் பலகைய எடுத்து ரெடியா வெச்சிக்க. நாஷ்டா ஆறிக்கினு இருக்கும்."